ஈயத்தாள் இல்லாத சிகரெட் பெட்டிகள்

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பிக்கு அப்போது 23 வயது. கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை. வீட்டுக் குப்பையில் சிகரெட் பெட்டிகள் கிடக்கும், உள்ளே ஈயத்தாள் மட்டும் இருக்காது. ஒருநாள் தலையணை உறைக்குள் அந்தத் தாளைக் கண்டேன், நடுவில் கறுப்புக் கோடு ஓடியபடி. அம்மா வாங்கி அடுப்பில் போட்டார். அந்தத் தாளில் வைத்துச் சூடாக்கி இழுக்கும் ஹெரோயினை இங்கே ‘குடு’ என்பார்கள். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

அப்புறம் மாமா சொன்னாரென்று அறைக்குள் பூட்டி வைத்தோம். மாலைக்குள் ஓயாத கொட்டாவி, மூக்கால் தண்ணீர். அடுத்த நாள் வாந்தி, வயிற்றோட்டம், கால்களைச் சுவரில் உதைத்து உதைத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. "நடிக்கிறான்" என்றார் மாமா. நடிப்பில்லை. கடைசியாக எடுத்து எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில்தான் தணியுமாம். இதெல்லாம் பிறகு ஆலோசகர் சொல்லித்தான் தெரியும். மருந்தோடு பார்க்க வேண்டியதைப் பூட்டோடு பார்த்தோம்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் மூன்று நாளாகக் கையில் இருந்தது. எடுத்தால் பொலிஸ் வருமோ என்று பயம். 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை வரை போகும் சட்டமுள்ள நாட்டில் பயப்படாமல் என்ன செய்வது? கடைசியில் எதிர்வீட்டு ராத்தாதான் போனை வாங்கி அடித்தார். அவருடைய மகனும் இந்த வழியில் போய் வந்தவன் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பதினாறு வருடம் எதிரெதிர் வாசல்!

சிகிச்சைக்குப் போன தம்பி மூன்று மாதத்தில் திரும்பினான். முதலாளி, "குடுக்காரனை எப்படிக் கடைக்குள்ள விடுறது?" என்றார். ராத்தாவும் அம்மாவும் ஒழுங்கையில் இன்னும் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். "சீனி வருத்தக்காரரும் உங்கட கடையில வேலை செய்றார்தானே முதலாளி? அவர் மருந்து எடுக்கிறார், இவனும் எடுத்தான்," என்றார் ராத்தா. ஒரு மாதம் பார்ப்போம் என்றார் முதலாளி. நாட்கூலியை அம்மா கையில் கொடுப்பதாகப் பேச்சு. தம்பிக்கு அது வெட்கம்தான், ஆனாலும் அவனே சம்மதித்தான். கையில் காசு இருக்கும் பின்னேரம்தான் கஷ்டம் என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளவத்தை ஆள்:

அக்கா, திரும்பி வந்த பிறகுதான் உண்மையான ஆபத்து, அதையும் எழுதுங்கள். நான் ஐந்து மாதம் சுத்தமாக இருந்தேன். ஒரு கலியாண வீட்டில் பழைய கூட்டாளி. ஒருதரம்தானே என்று பழைய அளவையே எடுத்தேன். விட்டிருந்த உடம்பு அதைத் தாங்காது. உதடு நீலமாகி, குறட்டை மாதிரிச் சத்தம் வந்ததாம். தூங்குகிறான் என்று கூட்டாளிகள் போய்விட்டார்கள். ஓட்டோ அண்ணா ஒருவர்தான் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குறட்டை தூக்கமில்லை, மூச்சு நிற்கப் போகும் சத்தம்.

இப்போது ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுரவுக்குப் போகிறேன், போதையிலிருந்து மீள உதவும் இடம். அங்கே யாரும் என்னைக் குடுக்காரன் என்று சொன்னதில்லை.

மட்டக்குளி அம்மா:

என் மகன் இன்னும் எடுக்கிறான். வீட்டுக்காரர் பேசாதே என்கிறார். நீங்கள் கூடிப் பேசும் இடத்துக்கு நானும் வரலாமா?

கொட்டாஞ்சேனை அக்கா:

அம்மா, மகன் விடும்வரைக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். எங்களில் இரண்டு பேருடைய பிள்ளைகள் இன்னும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயில் நவநாள் முடிந்து ஆறரைக்கு எங்கள் வாசற்படியில் இருப்போம். ராத்தா பிளேன்டீ ஊற்றுவார், இஞ்சி கொஞ்சம் கூடத்தான் போடுவார். யாரும் கேட்டால் தையல் வகுப்பு என்று சொல்லுங்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.