பழைய படகின் மெத்தைகள்: உறையை மட்டும் மாற்றினால் போதுமா?

வினா – இரணைமாதாநகர்
வணக்கம். இரணைதீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய பைபர் படகொன்று எங்களிடம் உள்ளது. அதன் வாங்குகளில் உள்ள மெத்தைகளைப் பார்த்தால் றெக்சின் மடிப்புகளில் வெடித்திருப்பது மட்டுமே தெரிகிறது. ஆனால் கையால் அழுத்தினால் தையலோரமாகப் பழுப்பு நீர் கசிகிறது. அடிப்பலகையில் அடித்த ஸ்டேப்ளர் கம்பிகளும் துருப்பிடித்துப் பொடிகின்றன. கிளிநொச்சியில் ஓட்டோக்களுக்குக் குஷன் தைக்கும் ஒருவர், உறையை மாற்றினாலே போதும் என்கிறார். வாடைக்காற்றுக் காலத்துக்கு முன்னர் முடிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் கூறுங்கள்.

மறுமொழி – முல்லைத்தீவு
தம்பி, பழுப்பு நீர் கசிகிறது என்றால் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் முடிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். வீட்டுக் கதிரைக்குப் போடும் சாதாரண ஸ்பொஞ்சின் கண்ணறைகள் (உள்ளிருக்கும் நுண்ணிய காற்றறைகள்) ஒன்றோடொன்று திறந்திருப்பதால், அது கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த பின்னரும் உள்ளே தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், அது முழுமையாக உலர்வதே இல்லை. அதன்மேல் புது றெக்சின் போடுவது காசைக் கடலில் போடுவதுதான். கண்ணறைகள் மூடிய ஸ்பொஞ்ச் நீரை உறிஞ்சாது, ஆனால் கடினமானது. ஆகவே அடியில் அதைத் தடிப்பாகவும், மேலே மென்மையான ஸ்பொஞ்சை மெல்லியதாகவும் வைத்து ஒட்டுவிக்கலாம். அத்தகைய மெத்தை மிதக்கும் என்பதற்காக, உயிர்காப்பு அங்கியைக் குறைத்துவிட வேண்டாம்.

மறுமொழி – பரந்தன் (குஷன் வேலை)
முந்தைய கருத்துடன் உடன்படுகிறேன். ஆனால் பெரும்பாலான மெத்தைகள் கெடுவது தையலில்தான் என்பதையும் சேர்க்க வேண்டும். பருத்தி நூல் உப்பிலும் ஈரத்திலும் உக்கிவிடும். வெயிலைத் தாங்கும் தடித்த பொலியெஸ்டர் நூலையே கேளுங்கள். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் றெக்சின் துளை வழியே தபால் முத்திரைத் தாள்போலக் கிழியும் என்பதால், சற்று நீளமான தையலே நல்லது. ஓட்டோவுக்குப் பயன்படும் மலிவான றெக்சின் கடல் வெயிலில் விரைவில் விறைத்து வெடிக்கும்; படகுக்கென்றே வரும், புற ஊதாக் கதிரையும் பூஞ்சணத்தையும் தாங்கும் வகை விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பழைய உறையை எறியாமல், தையலைப் பிரித்து அளவுமாதிரியாக எங்களிடம் தந்தால் வேலை எளிது. ஸ்பொஞ்சை உறையைவிட அரையங்குலம் பெரிதாக வெட்டினால், மேற்பரப்பு சுருக்கமின்றி இறுகி நிற்கும்.

வினவியவர்
நன்றி அண்ணா. அடிப்பலகையையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி – முல்லைத்தீவு
கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பலகையில் சில துளைகளை இட்டு, விளிம்புகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் எபொக்சி (நீர் புகாமல் இறுகும் பிசின்) பூசுங்கள். நீர் உள்ளே வருவதை முழுதாகத் தடுக்க முடியாது. வந்த நீர் வெளியேற வழி வேண்டும். ஸ்டேப்ளர் கம்பி, கடல் உப்பை நன்கு தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

மறுமொழி – பரந்தன் (குஷன் வேலை)
பூஞ்சணப் புள்ளிகளைப் போக்கக் குளோரின் கலந்த திரவத்தை ஊற்ற வேண்டாம். அது நூலைப் பலவீனப்படுத்தும். மென்மையான சவர்க்கார நீரால் துடைத்து, நன்னீரால் அலசி, மெத்தைகளை நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள்.