பறவைப் பூங்கா பாறைச் சுவரில் இருக்கும் கற்கள்: யாராவது பூசியதா?

மெர்பேங்க் தாத்தா:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நம்ம டர்பனில் உம்கேனி ஆற்றோரம் பழைய கல்குவாரிக்குள் பறவைப் பூங்கா வைத்தார்களே, அங்கே பேரனைக் கூட்டிப்போனேன். அவன் கிளியைப் பார்க்கவில்லை. குவாரி வெட்டிய சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கருநீலப் பாறை. அதற்குள் ரோஸ் நிறத்தில் தேங்காய் அளவு ஒரு கல், பக்கத்தில் வெள்ளைக் கல் ஒன்று, அப்புறம் மிளகு மாதிரி பொடிக் கற்கள். கேசரியில் முந்திரி கிடப்பது போல. நான் 30 வருஷம் கட்டட வேலை பார்த்தவன். "கான்கிரீட்டுடா, யாரோ பூசியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். "அவ்வளவு உயரத்துக்கா தாத்தா?" என்கிறான். மானம் போச்சு. ஆறு கொண்டுவந்ததா, எரிமலையா?

கல்லுடைத்தவன்:
அண்ணே, அந்த நீலக்கல்லில் நான் துளை போட்டிருக்கிறேன். சீராக இறங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று உள்ளே ஒரு கிரானைட் உருண்டை மாட்டும், ட்ரில் வழுக்கும். டில்லைட் என்போம். உடைத்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போடுவார்கள். எப்படி வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

நிலவியல் மாணவி:
தாத்தா, பனிக்கட்டி கொண்டுவந்தது! ட்வைக்கா டில்லைட் என்று பெயர். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன், ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஒரே கண்டமாகத் தென் துருவத்தை ஒட்டிக் கிடந்தபோது, பெரிய பனிக்கட்டிப் படலம் நகர்ந்து போகிற வழியில் பாறைகளைப் பெயர்த்து, பாதியை மாவாக அரைத்தது. உருகும்போது எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிட்டது. அந்த மாவு இறுகியதுதான் நீங்கள் சிமெண்ட் என்று நினைத்தது.

ஆறு என்றால் பெரிய கல், சிறிய கல் என்று சலித்துப் போட்டிருக்கும், கல்லெல்லாம் உருண்டையாக இருக்கும். இங்கே எல்லா அளவும் கலந்து கிடக்கும், பல கற்கள் ஒன்றையொன்று தொடாது, சிலதற்கு ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாக இருக்கும். எரிமலை என்று நீங்கள் நினைத்ததிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, 1850களில் ஆண்ட்ரூ கெடிஸ் பெயின் என்ற நிலவியலாளர் இதை எரிமலைப் பாறை வகை என்றுதான் எழுதினார். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் தலைமை நில அளவையாளர் சதர்லாந்து 1870இல் பனிதான் காரணம் என்றார். அவர் அதற்கு முன் ஆர்க்டிக் கப்பலில் மருத்துவராகப் போய் பனிப்பாறைகளை நேரில் பார்த்தவர். ஒடிசாவில் தால்ச்சேரிலும் இதே காலத்துப் பாறை இருக்கிறது, அங்கே 1856லேயே பனி என்று சொல்லிவிட்டார்கள்.

வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்கும் பேரனைக் கூட்டிப்போங்கள். பனிக்கு அடியில் இருந்த மணற்பாறை மேல் அது இழுத்த கீறல்கள் வரிவரியாகத் தெரியும்.

கல்லுடைத்தவன்:
மழை பெய்த மறுநாள் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள் அண்ணே. பழைய வெட்டு, எப்போது கழன்று விழும் என்று சொல்ல முடியாது. சுத்தியலும் எடுத்துப்போக வேண்டாம்.

மெர்பேங்க் தாத்தா:
ரொம்ப நன்றி, மகளே. நேற்று மறுபடியும் போனோம். அம்மி போலத் தட்டையான கல்லை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். இப்போது அந்த ரோஸ் கல்லுக்குச் சொந்த ஊர் எது என்று நச்சரிக்கிறான். எங்கள் பாட்டன் கப்பலேறிய ஊரையே எனக்குச் சொல்லத் தெரியாது, கல்லுக்கு எங்கே போவேன்? வெஸ்ட்வில் வளாகத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை வெளியாட்களை விடுவார்களா?