காய்ச்சலோடு விலாவும் வலித்தால்: கிட்னி தொற்று வந்தவர்கள் பகிருங்கள்

நிலாமுற்றம்:
நீர்க்கடுப்பு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எரிச்சலுக்குப் பின்னாலேயே காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டிக்கொண்டது. டாக்டர் என் முதுகுப் பக்கம் வந்து, கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் முஷ்டியால் லேசாகத் தட்டினார். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் தட்டியதும் அலறிவிட்டேன். "கிட்னிக்கு ஏறிடுச்சும்மா" என்றார். இப்போதும் யாராவது முதுகில் தட்டினால் உடம்பு சிலிர்க்கிறது.

தென்றல்:
நடுக்கம், விலா வலி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வராது. என் அம்மாவுக்கு எரிச்சல்கூட இல்லை. காலையில் என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டாள். பக்கவாதம் என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசியில் கிட்னி தொற்று, ரத்தத்திலும் கலந்திருந்தது. வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் யூரினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கதிர்:
நிறையத் தண்ணீர் குடித்தாலே போய்விடுமே. என் தங்கைக்கு அப்படித்தான் போனது.

வேலன்:
கதிர், அது சிறுநீர்ப்பையோடு நின்ற கடுப்பாக இருக்கும். கிட்னிக்கு ஏறியதைத் தண்ணீரை நம்பி விடக் கூடாது, ஆன்டிபயாடிக் வேண்டும். என் அண்ணனுக்கு ஊசி மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஸ்கேனில் பார்த்தால், கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயைக் கல் அடைத்திருந்தது. முதுகு வழியாக டியூப் போட்டார்கள். பையில் முதலில் இறங்கியது சீழ்.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை) யூரின் கொடுத்துவிடுங்கள். கடுப்புக்கு வாங்கி மிச்சம் வைத்த நைட்ரோஃபுரான்டாயினை இதற்குப் போடாதீர்கள், அது கிட்னி திசுவில் போதுமான அளவு சேராது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், கிட்னியைப் பாதிக்கும். மருந்து பெரும்பாலும் 7 முதல் 14 நாள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள். 2, 3 நாளில் இறங்காவிட்டால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணி, சர்க்கரை உள்ளவர், மாத்திரையே வயிற்றில் தங்காமல் வாந்தி எடுப்பவர் வீட்டில் காத்திருக்கவே கூடாது.

நிலாமுற்றம்:
வேலன் அண்ணா, கல்ச்சர்தான் எனக்கும் கைகொடுத்தது. முதலில் கொடுத்த மருந்துக்கு ஈ.கோலை என்ற அந்தக் கிருமி மசியவில்லை. ரிசல்ட் வந்ததும் வேறு மருந்துக்கு மாற்றினார்கள், அப்புறம்தான் காய்ச்சல் இறங்கியது.