பர்மாவை விட்டுப் போகாதவர்களின் கதையை யார் எழுதினார்கள்?

கேள்வி (யாங்கூன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோவிலில் மாலையில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுள் சற்று மூத்தவர்களைச் சேர்த்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறோம். புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை நம் கதையிலிருந்தே தொடங்க விரும்பி, வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயண நூலை எடுத்துக்கொண்டோம். இதே நகரத்தில் 'ஜோதி' இதழை நடத்தியவர், 1942இல் போருக்குத் தப்பி, மனைவியுடன் காடும் மலையும் கடந்து இந்தியா போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் நூல் அது. பிள்ளைகள் ஆர்வமாகவே வாசித்தார்கள். ஆனால் முடித்ததும், "போகாமல் இருந்துவிட்ட நம் பாட்டன் பாட்டியைப் பற்றி யார் எழுதினார்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம்?

மறுமொழி (மோல்மீன்)

ஐயா, பர்மாவில் பிறந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' நாவலைக் கொடுங்கள். ஆனால் அதுவும் இங்கிருந்து போனவர் பின்னாளில் எழுதியதே. இங்கே தமிழ் எழுத்து நின்றுபோனதற்கு நம்மவரின் சோம்பலைச் சிலர் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1962இல் இராணுவ ஆட்சி வந்தது; கடைகள் அரசுடைமையாயின; 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாகி, பல குடும்பங்கள் சேமிப்பை இழந்து கப்பல் ஏறின. தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்ட பின், தமிழ் படித்த தலைமுறையே அருகிப்போனது. வாசிக்க ஆளில்லாத ஊரில் யாருக்காக எழுதுவது?

மறுமொழி (தட்டோன்)

தமிழில் மட்டும் தேடினால் கிடைக்காதுதான், ஐயா. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர் பகுதியில் வாழ்ந்த நம்மவர்களின் கதைகளை ரோனி கோவிந்தர் ஆங்கிலத்தில் எழுதினார். அவை நம்முடையவை அல்ல என்று யாரும் தள்ளிவிடவில்லை. நம் பிள்ளைகள் பர்மிய மொழியில் எழுதினால் அதையும் அப்படியே ஏற்க வேண்டும். எங்கள் அப்பாயியை வெளிநாட்டவராகப் பதிந்து அரசு கொடுத்த அந்நியர் பதிவுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. பிறந்த ஊர் தட்டோன் என்றும், நாடு இந்தியா என்றும் அதில் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் பணம் கட்டிக் குத்திய முத்திரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் மங்கிக் கிடக்கின்றன. இந்தியாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மூன்று வகைக் குடிமக்களைப் பிரித்தபோதும், தாம் எதில் சேருவோம் என்று தெரியாமலே வயலுக்குப் போய் வந்தார். வழிநடைப் பயணத்துக்குக் குறைந்த கதையா இது? இத்தகைய காகிதங்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு; பிள்ளைகள் அவற்றிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அம்மா. வீட்டிலுள்ள ஒரு காகிதத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த மொழி கைக்கு வருகிறதோ அதில் எழுதிவரும்படி பிள்ளைகளிடம் சொல்கிறேன். பர்மிய மொழியில் எழுதுவதை வட்டத்தில் சேர்ந்தே தமிழாக்குவோம். மோல்மீன் ஐயாவிடம் 'மா-னீ' இருந்தால், யாங்கூனுக்கு வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். படித்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.