சுமை ஏற்றிய ஈக்கோ வேன் மலையேறத் திணறுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது: எதில் செலவு செய்யலாம்?

காரமடை வேன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் உள்ள தங்கும் விடுதிகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஃப்ரீசர், குளிரறை ஆகியவற்றைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். வண்டி 2017ஆம் ஆண்டு மாருதி ஈக்கோ கார்கோ, பெட்ரோல். பின்பகுதியில் ஒரு பெரிய நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் சிலிண்டர்கள், பற்றவைப்பு செட், வேக்குவம் பம்ப், செம்புக் குழாய்ச் சுருள்கள், கழற்றிப் போட்ட பழைய கம்ப்ரசர்கள் என்று எந்நேரமும் சாமான் நிறைந்திருக்கும். மேலே கேரியரில் ஓர் அலுமினிய ஏணியை நிரந்தரமாகவே கட்டி வைத்திருக்கிறேன். என்னோடு உதவியாளர் ஒருவரும் வருவார்.

மலையும் சமவெளியுமாகச் சேர்த்து முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11ஐத் தாண்ட மறுக்கிறது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாவது கியரில் இழுவையே இல்லாமல் இன்ஜின் முனகுகிறது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் சத்தம் அதிகமாகிறது என்பதாலும், அந்த வேகத்தில் இன்ஜின் சுற்றினால் பெட்ரோல் வீணாகுமே என்பதாலும் கூடியவரை மூன்றிலேயே ஓட்டப் பார்க்கிறேன். பர்லியாறு வருவதற்குள் எனக்குப் பின்னால் பெரிய வரிசையே சேர்ந்துவிடுகிறது.

ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் உரிய காலத்தில் மாற்றியிருக்கிறேன். கோவையில் ஒரு கடையில் இ.சி.யு.வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தால், அதாவது அதன் மென்பொருள் அமைப்பை மாற்றினால், சக்தி 25 விழுக்காடு கூடும் என்கிறார்கள். இன்னொருவர் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கிட் பொருத்தச் சொல்கிறார். சி.என்.ஜி.க்கு மாறிவிடு என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் போட்ட பணத்துக்குப் பலன் தெரிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏற்றக் கணக்கு (பதில்)

ரீமேப்புக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும் குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சுமையோடு உங்கள் வண்டி 1500 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சாலையின் சராசரிச் சாய்வில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 15 குதிரைத்திறன் போதும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் செங்குத்தான இடங்களில்கூட 25 குதிரைத்திறன் இருந்தால் அதே வேகத்தில் ஏறிவிடலாம். உங்கள் 1.2 லிட்டர் இன்ஜினின் உச்சத்திறன் 73 பி.எஸ். (பி.எஸ். என்பதும் குதிரைத்திறன்தான்). உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் குன்னூர் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு திறனை இழக்கும். இழந்த பிறகும் 60க்கு மேல் மிச்சமிருக்கிறது. ஆகவே உங்கள் இன்ஜினில் சக்தி போதவில்லை என்பது சரியல்ல. இருக்கும் சக்தி சக்கரத்துக்கு வந்து சேரவில்லை.

வந்து சேராததற்கு முதல் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த இன்ஜின் தன் அதிகபட்ச முறுக்குவிசையான 101 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 3000 சுற்றில் தருகிறது. அந்தச் சுற்றில் கிடைக்கும் திறன் ஏறக்குறைய 43 குதிரைத்திறன். மூன்றாவது கியரில் திணறி 1500 சுற்றுக்கு இறங்கிவிட்டால், முறுக்குவிசை சிறிதும் குறையவில்லை என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 21தான். 25 தேவைப்படும் இடத்தில் 21ஐ வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டி அந்த வேகத்தில் ஏறாது. அதோடு, முழு மிதியில் இன்ஜின் கலவையில் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்; குறைந்த சுற்றில் தட்டல் (எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்து எழும் சத்தம்) வரும் என்பதால் இ.சி.யு. தீப்பொறியின் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டும் பெட்ரோலைத் தின்பவை. சத்தத்தைக் கேட்டுப் பெட்ரோல் செலவை எடைபோடுவது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கால் மிதியில் 3000 சுற்றை ஒட்டி ஓடும் இன்ஜின், மூன்றாவது கியரில் முழு மிதியில் முனகும் இன்ஜினைவிட நிம்மதியாக வேலை செய்கிறது. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரை இறக்காமல், அதற்கு முன்பே இறக்கிவிட்டு உள்ளே செல்லுங்கள்.

சுமையின் விலையையும் சொல்லிவிடுகிறேன். 100 கிலோவை 1500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3.2 கோடி ஜூல் உள்ளது. அதில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். அப்படிப் பார்த்தால், வண்டியில் வீணாகக் கிடக்கும் ஒவ்வொரு 100 கிலோவும் ஒருமுறை மலையேறும்போது 200 மில்லிக்குச் சற்றுக் குறைவான பெட்ரோலை எடுத்துக்கொள்கிறது. இறங்கும்போது அது திரும்பக் கிடைக்காது. பிரேக்கில் வெப்பமாகப் போய்விடும்.

பட்டறைக்காரன் (பதில்)

மேலே நண்பர் சொன்ன கியர் விஷயம் முழுக்கச் சரி. ஆனாலும் 14 கொடுத்த வண்டி 11க்கு இறங்கியதற்குக் கியர் மட்டுமே காரணமாக இருக்காது. தம்பி முன்பும் இதே போலத்தானே ஓட்டியிருப்பார். எதையும் புதிதாகப் பொருத்தும் முன் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சமதளச் சாலையில் அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மலையில் வேலை பார்க்கும் வண்டிகளை ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை அடிக்கடி பலமாக இழுப்பதால், மழையும் சேறும் பட்ட கேபிள் உறைக்குள் இறுகிப் பின் டிரம்மின் ஷூ முழுமையாகத் திரும்பாமல் நின்றுவிடும். ஓட்டுபவருக்கு வண்டி சற்றுக் கனமாக இருப்பதாகத்தான் தோன்றும். என்னிடம் மைலேஜ் இல்லை என்று வரும் சரக்கு வேன்களில் பெரும்பாலும் இந்தக் கோளாறோ டயர்க் காற்றோதான் முதலில் அகப்படுகிறது.

டயரைப் பொறுத்தவரை, சுமை இல்லாதபோதும் முழுச் சுமையிலும் எவ்வளவு காற்று வேண்டும் என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடும் ஸ்டிக்கரோ புத்தகமோ உங்கள் வண்டிக்கு உண்டு. நீங்கள் எப்போதும் சுமையோடு ஓடுபவர் என்பதால் சுமைக்கான அளவையே, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பிடியுங்கள். டயர் மாற்றியிருந்தால், சுமை வண்டிக்கான எல்.டி. வகைதானா என்று பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். விலை குறைவு என்று கார் டயரைப் போட்டுவிட்டால் பின்பக்கம் பிதுங்கிக்கொண்டு ஓடும். பாதுகாப்புக்கும் கேடு, மைலேஜுக்கும் கேடு.

கிளட்ச்: மூன்றாவது கியரில் நிதானமான வேகத்தில் போகும்போது திடீரென்று முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

அடுத்தது சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறும். இதைச் சோதிக்கும் கருவி தம்பியின் டூல் பெட்டியிலேயே இருக்கிறது! குளிர்சாதன வேலைக்கு வைத்திருக்கும் காம்பவுண்ட் கேஜில் வேக்குவம் அளவும் இருக்கும் அல்லவா? பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் பட்ட கேஜை மறுபடி கேஸ் லைனில் மாட்டக் கூடாது என்பதால் ஒரு பழைய கேஜை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். இன்ஜினின் இன்லெட் மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் குழாயில் அதை இணைத்து, இன்ஜின் நன்கு சூடான பின் சமவெளியில் வைத்தே பாருங்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் அளவு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால் குன்னூரில் பார்த்தால் குழப்பம் வரும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில்) முள் 17 அங்குலத்துக்கும் 21 அங்குலத்துக்கும் இடையே ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு 2500 சுற்றில் ஒரே அளவாகப் பிடித்து வையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநேரம் ஓட்டிய பிறகும் 80 டிகிரியை எட்டவில்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யு. கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கும்.

பங்க் ரசீது (பதில்)

மைலேஜ் குறைந்ததில் ஒரு பகுதி வண்டியின் குற்றமே அல்ல. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலந்த எரிபொருளின் ஆற்றல் 6 அல்லது 7 விழுக்காடு குறைகிறது. 14இல் 6 விழுக்காடு போனால் 13 சொச்சம். 13க்கும் 11க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். அதிக ஆக்டேன் உள்ள விலை உயர்ந்த பெட்ரோலால் இந்த இன்ஜினில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்காது.

ஹைட்ரஜன் கிட் பக்கமே போக வேண்டாம். தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது. ஆல்டர்னேட்டரை இன்ஜின் சுற்றுகிறது. இன்ஜின் அதற்கும் பெட்ரோலைத்தான் எரிக்கிறது. எரித்துத் திரும்பப் பெறுவது எப்போதும் கொடுத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

ரீமேப்பைப் பொறுத்தவரை, 25 விழுக்காடு என்பது டர்போ டீசல் வண்டிகளுக்குச் சொல்லப்படும் எண். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜினில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். வணிக வண்டி என்பதால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுச் சிக்கலையும் எண்ணிப் பாருங்கள். ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

சி.என்.ஜி. கிலோமீட்டருக்கான செலவைக் குறைக்கும் என்பது உண்மை. சமவெளியில் மட்டும் ஓடுபவராக இருந்தால் நானே பரிந்துரைப்பேன். ஆனால் புதிய ஈக்கோவையே எடுத்துக்கொண்டால் பெட்ரோலில் 80.76 பி.எஸ்., சி.என்.ஜி.யில் 71.65 பி.எஸ். என்றுதான் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். சிலிண்டரின் எடையும் இடமும் வேறு. மலைக்கு உழைக்கும் வண்டிக்கு இது பொருந்தாது.

காரமடை வேன்

அனைவருக்கும் நன்றி. வீட்டருகில் சோதித்ததில் பின்பக்க இடது டிரம் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றக் கொடுத்திருக்கிறேன். கேஜில் ஐடிலில் 19இல் நிற்கிறது. 2500 சுற்றிலும் முள் இறங்கவில்லை. இரண்டாவது கியரில் ஏறிப் பார்த்தேன், வரிசை சேரவில்லை. சுமையைத்தான் எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. எல்லாமே வேலைக்கு வேண்டியவை. ஏணியைக் கழற்றி வைத்தால் உண்மையிலேயே மாற்றம் தெரியுமா?

ஏற்றக் கணக்கு

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60இல் இருப்பதைவிட 80இல் ஏறக்குறைய 1.8 மடங்கு. மலையில் 40இல் போகும்போது ஏணியால் பெரிய நட்டமில்லை. காரமடையிலிருந்து கோவைக்கு 80இல் விரட்டும்போதுதான் அது மைலேஜில் தெரியும். அன்றைய வேலைக்கு ஏணி தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள், தேவையென்றால் 60ஐ ஒட்டி ஓட்டுங்கள்.

சுமையைப் பொறுத்தவரை, அந்தப் பெரிய நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றே 60 கிலோவுக்குக் குறையாது. பேக்கரி ஃப்ரீசர் போன்ற சிறிய வேலைகளின் கசிவுச் சோதனைக்கு 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய சிலிண்டர் தாராளமாகப் போதும். அது 15 கிலோ அளவில்தான் இருக்கும். பெரியதைக் குளிரறை வேலை உள்ள நாட்களில் மட்டும் ஏற்றுங்கள். கழற்றிய கம்ப்ரசர்களை அன்றன்றே இறக்கிவிடுங்கள், பழைய இரும்புக்குப் போக வேண்டியதை நீலகிரிக்கு மறுபடி ஏற்றிச் செல்வானேன்?

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகள் இருப்பதால் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமான சாமானோடும் இருவரோடும் ஒருமுறை எடை போட்டு, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் அடிப்படை அபராதமே 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பிரேக் வேலை முடிந்த பிறகு மைலேஜைக் கணக்கிடும்போது ஒரே பங்கில் ஒரே பம்பில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, அடுத்தடுத்த பல நிரப்புதல்களின் சராசரியை எடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விட வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கான பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சரிசெய்த பிரேக்கும் வீணாகச் சூடாகும்.