பக்கத்தில் போனால் மரமே இல்லை

வேலை நிமித்தம் டோக்கியோவில் இருந்த வருடம். புத்தாண்டு விடுமுறையில் அறையிலேயே முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் உவெனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹசெகவா தோஹாகுவின் ‘பைன் மரங்கள்’ ஓவியத்தை ஜனவரியில் அங்கே பார்வைக்கு வைப்பதுண்டு. ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வெறும் கறுப்பு மைதான், வேறு நிறம் கிடையாது.

கூட்டம் தள்ளியதில் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றுவிட்டேன். பெருத்த ஏமாற்றம். தென்னந்துடைப்பத்தால் அடித்ததுபோல் கரடுமுரடான கீற்றுகள். ஓரிடத்தில் மை திட்டாகக் கறுத்திருக்கிறது, அடுத்த இடத்தில் கழுவிய தண்ணீராக வெளிறுகிறது. கோபத்தில் இழுத்த கை என்றுதான் தோன்றியது. இதற்கா தேசியப் பொக்கிஷம் என்று பெயர்?

பின்னால் நின்ற பெரியவருக்கு வழிவிடப் பத்தடி பின்வாங்கி நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை கீற்றும் அடங்கிவிட்டன. மூடுபனிக்குள் மரங்கள் நிற்கின்றன, ஒன்றிரண்டு சற்றே சாய்ந்து. இடப்பக்கத் திரையில் ஒரு பனிமலை, உற்றுப் பார்த்தால்தான் உண்டு. மற்றபடி பெரும்பகுதி வெறும் காகிதம். எனக்குக் குளிரெடுத்தது அந்த வெறும் காகிதத்தைப் பார்த்துத்தான். திரும்பவும் கண்ணாடியருகே போனேன், மறுபடியும் கோபம். பின்வாங்கினேன்; மறுபடியும் பனி. காவலர் என்னைக் கவனிக்கத் தொடங்கும்வரை இப்படியே நடந்துகொண்டிருந்தேன்.

தோஹாகுவின் மகன் கியூஸோவும் ஓவியர்; 1593இல் 26 வயதில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் பிறந்த ஓவியம் என்பார்கள். ஆனால் திரையில் தேதி கிடையாது. காகித ஒட்டுகள் சரியாகப் பொருந்தாததால், இது வேறொரு ஓவியத்துக்கான முன்வரைவாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. நான் இதையெல்லாம் அறைக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் மகனைத்தான் தேடியிருப்பேன், மரத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: நீங்கள் சொல்லும் கீற்றுகளை நான் வீட்டில் வரைந்து பார்த்திருக்கிறேன். புகைக்கரியும் பசையும் சேர்ந்த மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, தூரிகையைப் பாதி உலரவிட்டு இழுத்தால் ஊசியிலை ஓரளவு வந்துவிடுகிறது. பனிதான் வரவில்லை. காகிதத்தைச் சும்மா விட என் கைக்குத் தெரியவில்லை, நமநமவென்று அரிக்கிறது. ஐந்தாவது தாளில் எப்படியோ அடக்கிக்கொண்டு, மூன்று மரங்களோடு நிறுத்தினேன். காயட்டும் என்று வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, ஒரு மூலையில் ஒரு பறவையைப் போட்டேன்.