புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் நம் வீட்டுச் சுவரும்: கேட்டதை எழுதுங்கள்

செந்தூல்_செவி
பிரிக்பீல்ட்ஸ் கொண்டோ ஒன்றில் ஒரு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரில் (அலமாரியில் வைக்கும் சின்னப் பெட்டி) கேட்டது இன்னும் உறுத்துகிறது. ஐந்தரை இன்ச் வூஃபர் (பேஸ் தரும் கோன்), பின்பக்க போர்ட் (பேஸுக்கான காற்றுத் துளை), அட்டையில் 45 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலைச் (வலப்பக்கத் தோல்) சொற்கள் கணீரென்று விழுகின்றன. தொப்பியில் (இடப்பக்கத் தாழ்ந்த நாதத் தோல்) கும்கி, அதாவது கையை அழுத்தி நாதத்தை மேலே ஏற்றும் வழுக்கல், இழுக்கும்போது மட்டும், தொடக்கம் வீங்குகிறது, மேலே ஏறும் இடத்தில் நாதமே காணோம். ஒரே கை, ஒரே தோல்! மைக் வைத்துப் பார்த்தால் 57 ஹெர்ட்ஸில் பெரிய மேடு (ஒலி அதிகம்), 115-இல் பள்ளம் (ஒலி குறைவு). அறை நீளம் 3 மீட்டர். வூஃபருக்கும் பின்சுவருக்கும் 75 செ.மீ. ஒலி நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்து, நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் மேடு. சுவர் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் பள்ளம். இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. பெட்டியில் குறையே இல்லை.

தஞ்சோங்_டோன்
அண்ணே, ஈக்யூல (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியா ஏத்தி இறக்குற கருவி) 57-ஐ இறக்கி 115-ஐ ஏத்துங்க, வேலை முடிஞ்சது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு மாடியில இதே அளவு பெட்டி கேட்டேன். பலகைத் தரை, மேல ஓடு. பேஸ் மெலிசா இருந்துச்சு, வீங்கவே இல்ல. சிமெண்ட் சுவர் பேஸைத் திருப்பி அடிக்கும், பலகை வெளியே விட்டுடும்.

பூச்சோங்_கிராஸ்ஓவர்
57-ஐ இறக்குவது சரி. 115-ஐ ஏற்றுவதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலைக்கு எதிராக வந்து அதை அழிக்கிறது. நீங்கள் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும். 6 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு பவர் தரவேண்டும்; சின்ன வூஃபரின் கோன் எல்லை தாண்டி ஆடிக் கரகரக்கும்.

இடத்தை மாற்றுங்கள். பெட்டியைப் பின்னால் தள்ளி வூஃபரைச் சுவரிலிருந்து 45 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் பள்ளம் 190 பக்கம் நகரும். அங்கே சுவரில் 10 செ.மீ. ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற பலகை) ஓரளவு வேலை செய்யும், 115-இல் அது போதாது. சுவரை நெருங்கினால் 57 இன்னும் ஏறும் என்பதால் போர்ட்டில் ஸ்பாஞ்ச் செருகிப் பாருங்கள். சோபாவை அதன் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்தால், கணக்குப்படி 57 ஹெர்ட்ஸ் மேடு 6 டெசிபல் குறையும். மிச்சத்தைத்தான் ஈக்யூவில் வெட்டவேண்டும், குறுகலாக. ஆர்ஈடபிள்யூ என்ற அறை அளக்கும் மென்பொருள் இலவசம், மைக்கைக் காது உயரத்தில் வைத்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தாழ்விலிருந்து ஏறும் சோதனை ஒலி) ஓட்டி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் திருத்துங்கள். அதற்கு மேலே நாற்காலியில் எடுத்த அளவை நம்பி ஈக்யூ போட்டால் நல்ல ஸ்பீக்கரும் கெடும்.

அப்புறம், அட்டையில் 45 என்று போட்டு அருகில் ±3 டெசிபல் என்று இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. 45-இல் 10 டெசிபல் விழுந்திருந்தாலும் அப்படி எழுதலாம்.

பாயான்_லெப்பாஸ்_77
எல்லாரும் பேஸையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாடகி "சக்தி" என்று எடுக்கும்போது அந்தச் "ச" ஊசியாய்க் குத்துகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? காரணம் டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிய ட்வீட்டர் (உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்). முதலில் பெட்டியைக் காதுக்கு நேராகத் திருப்பாமல் 15 டிகிரி விலக்குங்கள். போதவில்லையென்றால் 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 1.6 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 33 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். கோலாலம்பூர் புடு ஜாலான் பாசாரில் தேடலாம். கிட்டத்தட்ட 2 டெசிபல் இறங்கும். ஆனால் ட்வீட்டர் முழுக்க இறங்கும், 7 மட்டும் அல்ல. மின்னல் எஃப்எம் வானொலி வைத்து உச்ச ட்ரெபிளைச் (உயர் ஒலி) சோதிக்காதீர்கள், எஃப்எம் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

செந்தூல்_செவி
ட்வீட்டரைத் தனி இழையில் பேசலாம் தம்பி. சோபாவை இழுத்தபின் எடுத்த கர்வ் (அளவு வரைபடம்) யாரிடமாவது இருந்தால் போடுங்கள், ஸ்மூத்திங் (வளைவை மென்மையாக்கிய அளவு) எவ்வளவு என்றும் குறிப்பிடுங்கள்.